எழுநூறு வயதிலும் சுமை இறங்காத ஸ்வார்க்ஸ்டன் பாலம்

இங்கிலாந்தின் டெர்பி நகரத்திலிருந்து ஏ514 சாலையில் தெற்கே சில மைல் போனால் ஸ்வார்க்ஸ்டன் என்ற சின்ன ஊர் வரும். அங்கே ட்ரென்ட் ஆற்றின் மேல் ஐந்து வளைவுகள் கொண்ட கல்பாலம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டியதும் பாலம் முடிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முடிவதில்லை. சாலை குறுகிக்கொண்டு, இரண்டு பக்கமும் தாழ்வான கல்சுவரோடு, கீழே புல்வெளி தெரிய, வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கிறது. கிட்டத்தட்ட முக்கால் மைல் தூரம். எதிர்ப்பக்கத்து மேட்டு நிலத்தில் இருக்கும் ஊர் வரும்வரை, பெரும்பாலான நாட்களில் கீழே சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத ஒரு பாலத்தின் மேல்தான் பயணம். அந்த ஊரின் பெயர் ஸ்டான்டன் பை பிரிட்ஜ். பாலத்தடி ஸ்டான்டன் என்று நம் வாய்க்கு வரும்படி சொல்லலாம். பாலத்தை வைத்துத்தான் ஊருக்கே அடையாளம்.

அந்தக் கைப்பிடிச் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பாலத்தின் இன்றைய கதை தெரியும். பழைய கற்கள் கறுத்து, பாசி படிந்து, முனை மழுங்கி இருக்கும். நடுவே ஒரு துண்டில் மட்டும் கற்கள் வெளிறி, விளிம்பு கூராக, இணைப்புச் சாந்து புதிதாக இருக்கும். வண்டி மோதி உடைந்த இடத்தைத் திரும்பக் கட்டிய அடையாளம் அது. இப்படி ஒன்றிரண்டு இடமல்ல. மோதுவதும், சாலையை மூடுவதும், கொத்தனார் வந்து கட்டுவதும், மறுபடி இன்னொரு இடத்தில் மோதுவதும் அங்கே வாடிக்கையாகிவிட்டது.

இத்தனைக்கும் இது சாதாரணப் பாலம் இல்லை. வளைவுகளில் பழையவை 13ஆம் நூற்றாண்டின் கடைசியையும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டியவை. இங்கிலாந்தின் மிக நீளமான கல்பாலம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. அந்த நாட்டில் ஒரு பழைய கட்டுமானத்துக்குக் கிடைக்கக்கூடிய இரண்டு பெரிய சட்டப் பாதுகாப்புகளும் இதற்கு உண்டு: முதல் தரப் பட்டியலில் இருக்கிறது, தொல்சின்னங்களின் அட்டவணையிலும் இருக்கிறது. அப்படியிருந்தும் தினமும் அடி வாங்குகிறது. இது எப்படி என்று புரிய, முதலில் இந்தப் பாலம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதிலிருந்து வர வேண்டும்.

ட்ரென்ட் அகலமான சமவெளியில் மெதுவாக ஓடும் ஆறு. கோடையில் அடக்கமாக இருக்கும். குளிர்கால மழையில் கரை தாண்டி, தெற்குப் பக்கத்துப் புல்வெளி முழுவதையும் நிரப்பிவிடும். அதனால் இங்கே ஆற்றுக்கு மட்டும் பாலம் போட்டுப் பயனில்லை. வெள்ளம் வந்தால் பாலத்தின் ஒரு முனை தண்ணீருக்குள் நிற்கும். பாலம் இருந்தும் ஊர் துண்டிக்கப்பட்டுவிடும். சரி, புல்வெளியின் குறுக்கே மண்ணைக் கொட்டி மேடு கட்டிவிடலாமே என்றால், அது அணை ஆகிவிடும். தேங்கும் தண்ணீர் அந்த மேட்டையே ஒருநாள் உடைத்துக்கொண்டு போகும்.

அன்றைய கட்டுநர்கள் கண்ட வழி எளிமையானது, ஆனால் செலவு பிடித்தது. கல்லால் நீண்ட மேட்டுப்பாதை ஒன்றைக் கட்டினார்கள். தண்ணீர் வழக்கமாகப் பாயும் தாழ்வான இடங்களில் எல்லாம் வளைவுகளைத் திறந்துவிட்டார்கள். வளைவு, பிறகு கெட்டியான சுவர், மறுபடி வளைவு என்று இடைவிட்டு இடைவிட்டுப் போகும் அமைப்பு. வருடத்தில் பெரும்பாலான நாள் வெறுமனே இருக்கும் அந்த வளைவுகள் சில நாட்களுக்கு மட்டும் வேலை செய்கின்றன. அந்தச் சில நாட்களுக்காகத்தான் மொத்தப் பாலமும். பாதை நேர்கோட்டில் போகாமல் வளைந்து போவதைப் பார்க்கும்போதும், நிலத்தின் ஏற்ற இறக்கம் தெரிந்தவர்கள் கட்டியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழைய வளைவுகளின் அடியில் போய் மேலே பார்த்தால் விலா எலும்பு மாதிரி கல்பட்டைகள் ஓடுவது தெரியும். அந்தக் காலத்து ஆங்கிலப் பாலங்கள் பலவற்றில் இதைக் காணலாம். வளைவு கட்டும்போது உச்சிக்கல் பொருந்தும்வரை கற்கள் தாமாக நிற்காது. கீழே மரத்தால் சென்ட்ரிங் அடித்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முழு அகலத்துக்கும் அடித்தால் மரம் ஏராளமாக வேண்டும். விலா முறையில் முதலில் குறுகலான சில கல்பட்டைகளை மட்டும் வளைத்துக் கட்டிவிடுவார்கள். அவை நின்றதும் அவற்றின் மேல் கற்பலகைகளைப் படுக்க வைத்து இடைவெளியை மூடுவார்கள். மரமும் மிச்சம், கல்லும் மிச்சம், எடையும் குறைவு. சேற்று நிலத்தில் கட்டும்போது எடை குறைவது பெரிய விஷயம்.

வளைவுக்கு மேலே இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, நடுவில் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி, அதன் மேல் பாதை. இந்த நிரப்பு வெறும் குப்பை இல்லை. மேலிருந்து வரும் சக்கர பாரத்தைப் பரப்பி வளைவுக்குள் இறக்குவது அதுதான். கற்கள் ஒன்றையொன்று நெருக்கும்வரை வளைவு நிற்கும். மேலே எடை ஏறினால் நெருக்கமும் கூடும் என்பதால், மாட்டு வண்டிக்காகக் கட்டிய வளைவு லாரியையும் ஓரளவு தாங்கிவிடுகிறது. அதைக் கொல்வது வேறு மூன்று விஷயங்கள்: தூணின் அடியிலிருந்து மண் அரித்துப்போவது, மேலிருந்து நிரப்புக்குள் தண்ணீர் இறங்குவது, பக்கவாட்டில் விழும் இடி.

இவ்வளவு நீளமான பாலத்துக்கு யார் பணம் கொடுத்தது? ஊர்க்கதை ஒன்று உண்டு. பெல்லமான்ட் குடும்பத்துச் சகோதரிகள் இருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைகள் இருவரும் அவசர வேலையாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, வெள்ளத்தில் குதிரையோடு இறங்கி மூழ்கிப்போனார்கள். இனி யாருக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்று சகோதரிகள் தங்கள் சொத்தையெல்லாம் பாலத்துக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஏழைகளாக இறந்தார்கள் என்பது கதை. இதற்கு ஆவணச் சான்று இல்லை. ஆனாலும் அந்த ஆற்றைப் பார்த்தவர்கள் மனதில் எந்தப் பயம் இருந்தது என்பதைக் கதை சரியாகவே சொல்கிறது.

ஆவணங்கள் காட்டும் இங்கிலாந்தில், பாலம் என்பது யாரும் தலையில் ஏற்றுக்கொள்ள விரும்பாத பாரம். 1215இல் மன்னரின் முத்திரை பெற்ற மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில் பிரபுக்கள் மன்னரிடம் கேட்டு வாங்கிய உறுதிகளில் ஒன்று, பழைய கடமை இருந்தாலொழிய எந்த ஊரையும் எந்த ஆளையும் பாலம் கட்டக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது. 23ஆம் பிரிவு. அப்படியானால் பாலங்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது? கடக்கும் சரக்குகளுக்குச் சில வருடங்கள் சுங்கம் வாங்கிப் பழுதுபார்க்க மன்னர் அனுமதி கொடுப்பார். பாலத்துக்குக் கொடை தருபவருக்குப் பாவத் தண்டனையில் சலுகை உண்டு என்று ஆயர் அறிவிப்பார். பாலத்தின் மேலேயே ஒரு சிற்றாலயம் கட்டி, வழிப்போக்கரின் காணிக்கையைச் சேர்ப்பார்கள்.

ஸ்வார்க்ஸ்டனிலும் புனித யாக்கோபு பெயரில் அப்படி ஒரு சிற்றாலயம் பாலத்தோடு சேர்ந்து இருந்தது. 1540களில் அரசு இத்தகைய ஆலயங்களின் சொத்தைப் பறித்து, அவற்றை மூடியது. அதற்குப் பின் 1552இல் ஆலயப் பொருட்களைக் கணக்கெடுக்க வந்தபோது ஊர்க்காரர்கள் கொடுத்த வாக்குமூலம் இன்றும் கிடைக்கிறது. முழங்காலிட இரண்டு மேசை, ஒரு மரப்பலகை, கொஞ்சம் இரும்புக் கம்பி, சன்னல் கண்ணாடி. இவ்வளவுதான் ஆலயத்தின் சொத்து. அதையும் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று புகார் சொல்கிறார்கள். அப்புறம் ஒரு வரி: ஆலயம் இடிந்தால் பாலம் நிற்காது.

அந்த வரியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆற்றின் நடுவே பாலத்தோடு ஒட்டிக் கட்டிய ஆலயம் என்பதால், அது சரிந்தால் தூணும் சேர்ந்து சரியும் என்ற நேரடிப் பொருள் அதில் இருக்கலாம். காணிக்கை நின்றால் பழுதுபார்ப்பும் நிற்கும் என்ற பொருளும் இருக்கலாம். இரண்டும் உண்மைதான். பாலம் கல்லால் நிற்பதுபோலவே, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடு இருப்பதாலும் நிற்கிறது. அந்த ஏற்பாடு எங்கே இருந்தது என்பதை அந்த ஊர்க்காரர்கள் சரியாகக் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

அந்த வாக்குமூலத்துக்குச் சுமார் இருபது வருடங்கள் முன்பே, 1531இல், ஒரு சட்டம் வந்திருந்தது. யாருடைய பொறுப்பு என்று தெரியாத பாலங்களைக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மக்கள் வரி கட்டிப் பராமரிக்க வேண்டும். பாலத்தின் இரு முனையிலும் 300 அடிச் சாலையும் அதில் சேரும் என்றது அது. ஆங்கிலேயப் பாலங்கள் இன்று கவுண்டி நிர்வாகங்களின் கையில் இருப்பதற்கு வேர் அங்கேதான். ஸ்வார்க்ஸ்டன் பாலத்தை இன்றும் டெர்பிஷயர் கவுண்டி நிர்வாகம்தான் பார்த்துக்கொள்கிறது.

போர்க்கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் மேற்கே பர்ட்டனுக்கும் கிழக்கே நாட்டிங்ஹாமுக்கும் இடையில் ட்ரென்ட்டைக் கடக்க இருந்த ஒரே பாலம் இது. அதனால் 1643 ஜனவரியில், உள்நாட்டுப் போரின்போது, மன்னர் தரப்பிடமிருந்து இதைப் பிடிக்க நாடாளுமன்றப் படை இங்கே மோதியது. 1745 டிசம்பர் 4ஆம் தேதி, அரியணை கேட்டு ஸ்காட்லாந்திலிருந்து இறங்கிவந்த இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் டெர்பியை அடைந்தார். லண்டன் போகும் வழியைத் திறந்து வைக்க அவருடைய முன்னணி வீரர்கள் சிலர் இந்தப் பாலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் நடந்த ஆலோசனையில் திரும்பிவிடலாம் என்று தளபதிகள் முடிவு செய்ய, 6ஆம் தேதி படை வடக்கே நடந்தது. அந்தப் படை தெற்கே எட்டிய எல்லை இதுதான் என்று கரையோர விடுதி ஒன்றின் தோட்டத்தில் நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

பாலத்துக்கு உண்மையான சேதம் செய்தது எந்தப் படையும் அல்ல, 1795ஆம் வருட வெள்ளம். ஆற்றின் மேல்பக்கத்துக் கரையில் அடுக்கி வைத்திருந்த மரக்கட்டைகள் வெள்ளத்தில் மிதந்து வந்து தூண்களில் சிக்கின. வளைவுகள் அடைபட்டன, பின்னால் தண்ணீர் ஏறியது, ஆற்றின் மேலிருந்த பழைய பகுதி உடைந்து போனது. தொடக்கத்தில் சொன்ன ஐந்து வளைவுப் பாலம் அதற்குப் பின் கட்டியது. புல்வெளியின் மேல் போகும் பகுதிதான் இடைக்காலத்தது. பாலத்தை அழிப்பது பெரும்பாலும் தண்ணீர் தனியாக அல்ல. தண்ணீர் கொண்டுவரும் மரமும், தூணைச் சுற்றிச் சுழலும்போது அது தோண்டியெடுக்கும் மண்ணும். 2015 டிசம்பரில் கும்ப்ரியாவின் பூலி பிரிட்ஜ் ஊரில் 18ஆம் நூற்றாண்டுக் கல்பாலம் ஒன்று வெள்ளத்தில் காணாமல் போனது. அதே மாதக் கடைசியில் யார்க்‌ஷயரின் டாட்காஸ்டர் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நூற்றாண்டுகள் நின்றவை, ஒரு மாதத்துக்குள் போயின.

இனி சட்டத்துக்கு வருவோம். பிரிட்டனில் தொல்சின்னங்களுக்கான முதல் பாதுகாப்புச் சட்டம் 1882இல் வந்தது. அது பல்லில்லாத சட்டம். நிலத்தின் சொந்தக்காரர் மனமுவந்து ஒப்படைத்தால்தான் அரசு பார்த்துக்கொள்ளும். 1913ஆம் வருடச் சட்டம்தான் அட்டவணை என்ற முறையைக் கொண்டுவந்து, சொந்தக்காரர் நினைத்தபடி இடிக்க முடியாமல் செய்தது. இப்போது நடப்பில் இருப்பது 1979ஆம் வருடச் சட்டம். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 இடங்கள் அந்த அட்டவணையில் இருக்கின்றன. கட்டடங்களுக்கான பட்டியல் வேறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் முளைத்தது அது. பட்டியலில் உள்ளவற்றில் முதல் தரத்தில் இருப்பவை நூற்றுக்கு இரண்டரைதான்.

இரண்டிலும் இடம்பெற்ற ஒன்றுக்கு அட்டவணைச் சட்டமே மேலானது. அதன்படி, பழுதுபார்ப்பதற்குக்கூட முன் அனுமதி வேண்டும். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு ஆலோசனை சொல்லும், அமைச்சரின் பெயரில் ஒப்புதல் வரும். எந்தக் கல், எந்தச் சாந்து, எவ்வளவு பிரிக்கலாம் என்பது வரை பேசித் தீர்க்க வேண்டும். ஒப்புதல் இல்லாமல் கைவைத்தால் குற்றம்.

இதை வீண் கெடுபிடி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாந்து விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கற்கள் மணற்கல்; ஈரத்தை உறிஞ்சி ஈரத்தை விடுபவை. பழைய சுண்ணாம்புச் சாந்தும் அப்படித்தான். சுவருக்குள் போன மழைத்தண்ணீர் இணைப்புச் சாந்தின் வழியாக வெளியே ஆவியாகிவிடும். சாந்து கல்லைவிட மிருது. கட்டுமானம் கொஞ்சம் அசைந்தால் சாந்துதான் விரியும், கல் பிழைத்துக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டில் பல பழைய பாலங்களில் அவசரத்துக்குச் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி, தண்ணீரையும் விடாது. உள்ளே சிக்கிய ஈரம் கல்லின் முகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குளிரில் அது உறைந்து விரியும்போது கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். சில வருடங்களில் சிமெண்ட் கோடு துருத்திக்கொண்டு நிற்க, கல் உள்வாங்கிப்போயிருக்கும். நல்லது என்று நினைத்துச் செய்தது கல்லையே தின்றுவிடுகிறது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகும், உறைபனிக்கு முன் ஆறியிருக்க வேண்டும், அதனால் குளிர்காலத்தில் வேலை ஓடாது. ஒரு மோதலைச் சரிசெய்யச் சில சமயம் இத்தனை நாள் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டத்தால் செய்ய முடியாததும் ஒன்று உண்டு. பாலத்தை யார் மாற்றலாம் என்பதை அது கட்டுப்படுத்தும். பாலத்தின் மேல் யார் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்தாது. அது போக்குவரத்துத் துறையின் வேலை. இந்தப் பாலத்தில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. பலகையும் இருக்கிறது. ஆனாலும் கனரக வண்டிகள் வந்துவிடுகின்றன. இரண்டு பெரிய வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று சுவரை உரசாமல் தப்புவது கடினம். மோதும்போது கைப்பிடிச் சுவர் மட்டும் உடைந்தால் பரவாயில்லை. இடி பலமாக இருந்தால் அதன் கீழுள்ள பக்கச் சுவர் வெளியே தள்ளப்படும், உள்ளே நிரப்பு தளரும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். முன்னே சொன்ன மூன்று எதிரிகளில் இரண்டு ஒரே மோதலில் சேர்ந்துவிடுகின்றன.

இதற்கு மாற்று வழி இங்கிலாந்திலேயே கண்முன் இருக்கிறது. கும்ப்ரியாவின் கர்க்பி லான்ஸ்டேல் ஊரில் லூன் ஆற்றின் மேல் மூன்று வளைவுப் பாலம் ஒன்று உண்டு. 14ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். சாத்தானின் பாலம் என்று பெயர். 1932இல் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்தார்கள், பழையதில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இன்று அதில் நடக்கிறார்கள், நின்று தண்ணீரைப் பார்க்கிறார்கள். பாலத்துக்கும் ஓய்வு, ஊருக்கும் பெருமை. சாமர்செட்டின் எக்ஸ்மூரில் டார் ஸ்டெப்ஸ் என்ற கற்பலகைப் பாலத்துக்கு இன்னொரு வழி. அங்கே கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு டன், இரண்டு டன் இருக்கும். பெருவெள்ளத்தில் அவை அடித்துச் செல்லப்படும். கற்களுக்கு எண் போட்டு வைத்திருப்பதால், தேடி எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்துவிடுவார்கள். ஆற்றின் மேல்பக்கத்தில் கம்பி வடம் கட்டி, மிதந்து வரும் மரங்களையும் தடுக்கிறார்கள்.

ஸ்வார்க்ஸ்டனுக்கும் புறவழிச் சாலை வேண்டும் என்று சுற்றுவட்டார மக்கள் நீண்ட காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்பது நியாயம். வண்டிகள் போகாத முக்கால் மைல் மேட்டுப்பாதையில், இரண்டு பக்கமும் புல்வெளி விரிந்து கிடக்க, நடந்து போக முடிந்தால் எப்படியிருக்கும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் கர்க்பி லான்ஸ்டேலில் குறுகலான ஆற்றைத் தாண்டினால் போதும். இங்கே புதுச் சாலை போடுபவர்களுக்கும் அதே ட்ரென்ட், அதே வெள்ளநிலம். மண்மேடு போட்டால் மேல்பக்க ஊர்களில் தண்ணீர் ஏறும். ஆற்றை மட்டும் தாண்டினால் வெள்ளத்தில் பாதை மூழ்கும். புல்வெளி முழுவதும் தூண் நட்டு, அடியில் தண்ணீருக்கு வழிவிட்டுத்தான் கட்டியாக வேண்டும். கான்கிரீட்டில் கட்டினாலும், எத்தனை திறப்பு, எவ்வளவு அகலம், எந்தத் தாழ்வில் என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். பக்கத்திலேயே அந்தக் கணக்குக்கு ஒரு விடை, கல்லில், எழுநூறு வருடமாக நின்றுகொண்டிருக்கிறது.